ஆடியில் பாதிக் கூலி

ஆடியில் ஏற்றினால் பாதிக் கூலிதான் என்றார் லாரி ஆபீஸ்காரர்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத். ஒரு கட்டில், ஒரு பீரோ, கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள். ஊரில் இருக்கிற லாரி ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. எல்லாரும் சொன்ன கூலி அவன் போட்டுவைத்த பட்ஜெட்டை விழுங்கி ஏப்பம் விட்டது.

ஆடியில் எவனும் வீடு மாற மாட்டான். லாரி சும்மா நிற்கும். அதனால் பாதி.

முன்பணத்தைக் கட்டினான். திரும்பத் தரப்பட மாட்டாது என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது. யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்?

நல்ல நாள் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு இவ்வளவு தள்ளுபடி உண்டென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

வரும் வழியிலேயே மேனேஜருக்குப் போன் போட்டு, ஆடி அஞ்சாம் தேதி ஹைதராபாத் கிளையில் சேர்ந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

மாற்றலுக்காக அவர் காலில் விழாத குறைதான். எல்லாம் மேகலாவுக்காக.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். வீட்டில் ஏழு பேர். அறைக்குள் குசுகுசுத்தால் ஹாலில் அப்பா இருமுவார். பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போட வேண்டும். காய்ந்த துணியையே எத்தனை தடவைதான் காயப்போடுவது?

ஹைதராபாத்தில் வீடு பார்த்து வைத்திருந்தான். ஒரே ஒரு படுக்கையறை. இரண்டே பேர். வாய்விட்டுப் பேசலாம்.

அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான்.

மேகலா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடக்கினார்.

அவன் பிரசங்கத்தையே ஆரம்பித்துவிட்டான். ராசியாவது, நட்சத்திரமாவது! ஆடியில் ஜவுளி மட்டும் வாங்கலாம், லாரியில் சாமான் ஏற்றக் கூடாதா?

போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, ஆடி ஒண்ணாந்தேதி நானும் உங்க அத்தையும் வாரோம். தலையாடில்லா? பிள்ளைய மாசம் முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருதோம்."

புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். மாதம் முடிகிறவரை புருஷன் பக்கமே விடமாட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தவனுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ராசியாவது நட்சத்திரமாவது என்று மாமனாரிடமும் ஒரு பிரசங்கம் பண்ணியிருக்க வேண்டும். வாயைத் திறந்தான்.

"சரி மாமா" என்றுதான் வந்தது.

யாருமில்லாத வீட்டில் கட்டிலை மாட்டிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று நினைத்தான். நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேகலா போனை வாங்கினாள்.

"யப்பா, அம்மாவ எங்ககூட ஹைதராபாத்துக்கு அனுப்பி வை. நான் ஆடி முழுக்க அம்மாகூட இருக்கணும், அவ்வளவுதான? எங்க இருந்தா என்ன?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

பிறகு மாமியாரின் குரல் கேட்டது.

"ஏட்டி, அங்க நல்ல அரிசி கெடைக்குமா?"

கிடைக்கும் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அரிசி மூட்டை வந்தது. கிரைண்டர் வந்தது. சாக்கு நிறையத் தேங்காய் வந்தது. மாமியாருக்கென்று ஒரு கட்டிலும் வந்தது. சின்ன லாரி பத்தாது என்றார் ஆபீஸ்காரர். ரயில் டிக்கெட்டையும் சேர்த்தால் பாதிக் கூலி முழுக் கூலியையும் தாண்டி எங்கேயோ போயிற்று. அவன் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

போனால் போகட்டும். மேகலா வருகிறாள்.

ஹைதராபாத்தில் இறங்கியதும் மாமியார் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகளும் தானும் படுக்கையறையில் என்றார். மாப்பிள்ளை ஹாலில்.

ஆடி என்றால் ஆடிதான்.

அவன் மேகலாவிடம் உப்பு கேட்டால் மாமியார் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் கேட்டாலும் அவர்தான். இங்கே மொட்டைமாடியும் பூட்டிக் கிடந்தது. இதற்குப் பாளையங்கோட்டையே தேவலை என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை.

மேகலா அடுப்படி வாசலில் நின்றாள். அவன் ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நடுவில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். என்னத்தைப் பேசுவது?

மாமியார் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். முகம் கழுவி, நல்ல சேலையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்.

"ஆடி ஞாயிறுல்லா. அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். வர நேரமாகும்."

துணைக்கு வருகிறேன் அத்தை என்று அவன் எழுந்தான்.

"நீங்க இருங்க மாப்ள."

அந்த ஊரில் கோயில் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. வழி கேட்கத் தெலுங்கும் வராது.

கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.

செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிப் போயிற்று.

கடைசிப் படியோடு நின்றுவிட்டது.