வெயிலில் இரண்டு கதிரை

அப்புத்தளையில் பனிமூட்டம் விலகியதும், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் பரமலிங்கம் முற்றத்தில் இரண்டு கதிரை போட்டார்.

“சத்தியபாமா, வெளியில வாரும். டொக்டர் உம்மை வெயிலில இருக்கச் சொன்னவ எல்லோ?”

“நீங்களும் பக்கத்தில இருந்தால்தான் இருப்பன்.”

அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அமர்ந்தார்.

“எலும்புக் கலத்தின்ர கருவுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. வெயில் தாற விற்றமின் டிதான் அதுக்குத் திறப்பு. தசைக்கும் அப்பிடித்தான். விளங்குதோ?”

மனைவி பணிவாகத் தலையாட்டினாள்.

அவர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த டொக்டர் கேசினி படலை வாசலில் நின்றாள்.

“அன்ரி, தனக்கு எலும்பு மெலிஞ்சிருக்கெண்டு சொன்னதுக்கு என்னோட சண்டை பிடிச்ச பரமலிங்கம் சேரை எப்பிடி வெயிலுக்குக் கொண்டுவந்தீங்கள்?”

சத்தியபாமா சிரித்தாள்.

“எனக்குத்தான் எலும்பு மெலிவெண்டு அவரிட்டச் சொன்னன், பிள்ளை. அண்டையிலயிருந்து அவர் ஒருநாள் வெயிலையும் விடுறேல்லை.”