கொத்தமல்லி வரி

இணையத்தில் ரசம் வைக்கச் சொல்லித்தரும் பக்கம் ஒன்று இருந்தது. எந்தத் திரையில் திறந்தாலும் அதன் அளவுக்கு வளைந்துகொடுக்கும். கைபேசியில் நசுங்கும். பெரிய திரையில் வரிகள் நீண்டுபோக, படிப்பவர்கள் வரி தப்பிப் புளியை இரண்டு முறை கரைப்பார்கள். கொத்தமல்லி தூவச் சொல்லும் கடைசி வரிக்கு யாருமே வந்ததில்லை. பக்கத்துக்கு அதுதான் கவலை.

“இனி இந்த அகலத்துக்குக் கீழே குறுக மாட்டேன், அந்த அகலத்துக்கு மேலே விரிய மாட்டேன்” என்று ஒருநாள் பக்கம் சொல்லிவிட்டது. பக்கங்களைத் திறந்துகாட்டும் புது பிரவுசர் சரியென்றது.

பழைய பிரவுசர் சிரித்தது. “நேத்துவரைக்கும் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தியே தாயி! கீழே, மேலேன்னா எனக்கு விளங்காது. ஒரே அகலமாச் சொல்லு.”

“சரி பெரியவரே, உங்களுக்கு மட்டும் ஒரே அகலம்.”

அன்று சாயங்காலம், அந்தப் பழைய பிரவுசர் இருந்த கணினியில் ஒருத்தி கடைசி வரிவரை படித்துவிட்டு எழுந்துபோய், ஃப்ரிட்ஜில் கொத்தமல்லி தேடினாள்.