பூட்டினது யாரு?

“கதவைத் திறடா, என் ராசா இல்ல!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் சீனியர் இன்ஜினியர். எதிரே கதவு எதுவும் இல்லை. மேஜைமேல் ஒரு போர்டும், அதில் வாஷிங் மெஷினை இயக்கும் நகக்கண் அளவு சிப்பும்தான் இருந்தன. கம்ப்யூட்டரோ “இணைக்க முடியவில்லை” என்று ஒரே பல்லவியைப் பாடியது.

தப்பு சீனியருடையதுதான். முந்தாநாள், பழைய போர்டு என்று நினைத்து இந்தப் போர்டின் சிப்பைப் பூட்டித் தொலைத்திருக்கிறார். ஒருமுறை பூட்டினால், அதிலுள்ள புரோகிராமை எழுதியவனே தலைகீழாக நின்றாலும் உள்ளே நுழைய முடியாது. “சிப்பைப் பூட்டிக்கிறவன்லாம் ஒரு இன்ஜினியரா?” என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் அது. அதுவும் டீம் லீடர் யார் என்று முதலாளி அறிவிக்கப்போகிற நாளில்!

பக்கத்தில் இருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, கேட்டா ‘ஆமா சார், நான்தான் பூட்டினேன்’னு சொல்லிடு. புதுசுன்னு விட்டுடுவாங்க.”

“நான் ஏன் சார் சொல்லணும்? அதைத் தொடக்கூட இல்லையே! நேத்து முழுக்க அந்தப் போர்டு, விலைக்குக் கேட்டு வந்தவங்ககிட்டல்ல இருந்துச்சு?”

“அவங்க மேல பழி போட்டா வியாபாரமே போச்சு. சொன்னதைச் செய்!”

“முடியாது சார்.”

முதலாளி புயலாக உள்ளே நுழைந்தார். “இந்தப் போர்டைப் பூட்டினது யாரு?”

சீனியர் முந்திக்கொண்டார். “இந்தப் பொண்ணுதான் சார். நான் தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கவே இல்ல. சத்தியமா எனக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாவி மனுஷன், பார்க்கும்போதே புளுகுகிறானே!

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “வாங்க வந்தவனுங்க நேத்து பூரா நம்ம புரோகிராமைத் திருடப் பாத்திருக்கானுங்க. உள்ள போகவே முடியலையாம்! அவங்க ஆளே உளறிட்டான். இப்ப வேற வழியில்லாம, நாம கேட்ட விலை குடுத்தே வாங்கிக்கிறாங்க. முன்யோசனையோட பூட்டினவங்கதான் இனி டீம் லீடர்.”

 இப்போதுதான் செய்த சத்தியத்தைச் சீனியர் எப்படி விழுங்குவார்?

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நிஜமாவே நீதானா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீனியரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆமா சார், நான்தான் பூட்டினேன்.”