நம்ம ரத்தம்

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

அவள்தான் பதில் சொன்னாள். "ஆமா சார். அத்தான் எனக்குத் தாய்மாமன் மகன்."

கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டாள்.

டாக்டர் தலையாட்டினார். அவர் எதிர்பார்த்திருந்த பதில் போலிருந்தது.

மகள் ஆதிரைக்குத் தொண்டை வலி என்றுதான் மதுரைக்குக் கூட்டி வந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த தொண்டை டாக்டர் வெகுநேரம் டார்ச்சை அணைக்கவில்லை. தொண்டையின் இரு பக்கமும் சதை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மிட்டாய் தின்றிருப்பாள் என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிப்போர்ட் வந்ததும் அவர் அனுப்பி வைத்த இவர் இதய டாக்டர். குழந்தைக்கு எதற்கு இதய டாக்டர் என்று அவளும் கேட்கவில்லை, கணவன் செண்பகராஜும் கேட்கவில்லை.

"ரத்தக் குழாய்ல படியிற கொழுப்பை அள்ளிக்கிட்டுப் போறதுக்குன்னே ஒரு நல்ல கொழுப்பு உண்டும்மா. உங்க ரெண்டு பேருக்கும் அது பாதிதான் இருக்கு. பாப்பாவுக்கு இல்லைன்னே சொல்லலாம். உங்க பழுதும் அவர் பழுதும் அவகிட்ட சேந்துருக்கு."

செண்பகராஜ் மகளை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மருந்து?"

"அதைக் கூட்டுறதுக்கு மருந்து இல்லை. மத்தது எதுவும் கெடாமப் பாத்துக்கணும். வருசா வருசம் இதயத்தைப் பாக்கணும். உங்க கூடப் பிறந்தவங்களையும் பாக்கச் சொல்லுங்க."

பிறகு கேட்டார். "வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே நெஞ்சு வலி வந்து..."



மாமா. செண்பகராஜின் அப்பா.

நாற்பதைத் தாண்டியிருந்தார். காலையில் பைக்கை உதைக்கப் போனவர், அதன் மேலேயே சாய்ந்தார். பீடி, சிகரெட் கிடையாது. ஒல்லி உடம்பு. ஊரே கண்ணு பட்டுவிட்டது என்றது.

காரியம் முடிந்த கையோடு அவளுடைய அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். எங்க அண்ணன் வீட்டை இப்படியே விட மாட்டேன், என் மக மருமகளா இங்க வருவா.

அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். அத்தானைப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

யாரை நோவது என்று தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் நடக்க இடமில்லாமல் கூட்டம். செண்பகராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போனான். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

போன் அடித்தது. அம்மா.

"டாக்டரு என்னடி சொன்னாரு?"

"தொண்டைப் புண்ணுதாம்மா."

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. இன்னொரு நல்ல சேதி. நம்ம தினகரனுக்கு உன் நாத்தனா சுகந்தியவே பேசியாச்சு. மதினியும் சரின்னுட்டா. நாளைக்குப் பூ வைக்கப் போறோம்."

தினகரன் அவளுடைய தம்பி. சுகந்தி செண்பகராஜின் தங்கை.

அம்மா நிறுத்தவில்லை. "வெளிய பொண்ணு எடுத்தா அவுகளுக்கு என்ன சீக்கு இருக்கோன்னு பயந்துக்கிட்டே கெடக்கணும். நம்ம ரத்தம்னா நம்பி எடுக்கலாம்ல."

முன்னால் ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது. அவள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சொன்னால், மகளுக்குத் தான் செய்து வைத்தது என்ன கல்யாணம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சாகும் வரை அம்மா நோக அது போதும்.

சொல்லாவிட்டால் நாளைக்குப் பூ.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"



"அம்மா, நீ உக்காந்திருக்கியா, நின்னுக்கிட்டு இருக்கியா?"

"நிக்கேன். ஏன்?"

"உக்காரு."