முதல் ஊழியம்

"லீடருக்கு ஜெயபால் அண்ணன் பேரைப் போடுங்க பாஸ்டர்" என்றாள் ஹெப்சிபா.

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். திருவையாற்றுப் பக்கம் வயல் வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட் ஜனங்களுக்காகச் சபையில் இந்தி ஊழியம் தொடங்குகிறார்கள். சம்பளமில்லாத அந்தப் பொறுப்புக்கு ஆள் பார்த்துப் பழக்க வேண்டியவள், வடக்கே பிலாயில் வளர்ந்து இந்தி பேசும் ஹெப்சிபாதான்.

"அவரையா? போன ஐப்பசியில நடந்ததை மறந்துட்டியாம்மா?"

"மறப்பேனா பாஸ்டர்?"

மறக்கிற விஷயமா அது. கொட்டகை கொட்டகையாக ஸ்கூட்டியில் போய்ப் பேசி, அந்த ஜனங்களை முதன்முறையாக ஜெபக்கூட்டத்துக்கு வரவழைத்திருந்தாள். நடவு முடிந்து காலெல்லாம் சேறாக வந்தவர்களைக் கமிட்டி மெம்பர் ஜெயபால் வாசலிலேயே மறித்தார். உள்ளே பளபளத்த கிரானைட் தரை அவருடைய உபயம்.

"கால் கழுவாம ஒருத்தரும் உள்ள வரக் கூடாது" என்று கத்தினார். குழாய் எந்தப் பக்கம் என்றுகூடக் காட்டவில்லை.

முன்னால் நின்ற ஃபூல்மணி என்ற பெண், தன் காலையே பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். அதற்கப்புறம் ஒருவரும் சபைப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஜெயபாலைப் பார்த்தாலே ஹெப்சிபாவுக்கு வயிறு எரியும். திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள். ஜெபம் பண்ணியும் அந்த எண்ணம் போகவில்லை.

லீடர் பதவி என்றதும் ஜெயபாலுக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிஷமே சந்தேகமும் வந்துவிட்டது.

"எனக்கு இந்தி சுட்டுப்போட்டாலும் வராதே. சபைக்கு முன்னால மைக்கைக் குடுத்து மானத்த வாங்கப் பாக்குறியா?"

"மைக்கே கிடையாதுண்ணே. பெரிய வியாழன் ஆராதனையில உங்க முதல் ஊழியம். ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"அப்ப சரி" என்றார். கமிட்டித் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பம்ப்செட் வயல்களில் கோடை நடவு நடந்துகொண்டிருந்தது. பெரிய வியாழன் மத்தியானம் ஹெப்சிபா ஃபூல்மணிக்குப் போன் செய்து இந்தியில் கெஞ்சினாள். "இந்த ஒரு தடவை என்னை நம்பி வாங்க. கொட்டகைக்குப் போக வேண்டாம், நடவு முடிஞ்சதும் வயல்லேருந்து நேரா வந்துடுங்க. வாசல்ல நான் நிக்கிறேன்."

சாயங்காலம் ஜெயபால் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி மொடமொடக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து சபையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இயேசு சீஷர்களுக்குச் செஞ்ச மாதிரி, வருஷா வருஷம் இன்னைக்கு நான் சிலபேருக்குக் கால் கழுவி விடுவேன்" என்றார் பாஸ்டர். "இந்த வருஷம் அதை நம்ம புது லீடர் செய்வார்."

ஜெயபாலுக்கு நிம்மதியாக இருந்தது. வழக்கமாக அதற்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். பாஸ்டர் நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டு, "யாரு யாருக்கு?" என்று உற்சாகமாகத் திரும்பினார்.

வாசலில் ஃபூல்மணி நின்றாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவளுக்குப் பின்னால் அதே சேற்றோடு அத்தனை பேரும் கேட் வரைக்கும் வரிசையாக நின்றார்கள்.

ஹெப்சிபா தண்ணீர்ப் பாத்திரத்தை ஜெயபால் காலடியில் வைத்தாள். சபை மொத்தமும் அவரையே பார்த்தது.

"என்ன சிஸ்டர் இது?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"கால் கழுவாம ஒருத்தரும் உள்ள வரக் கூடாதுல்லண்ணே, கழுவுங்க."