விடுபட்ட பதக்கம்

“பழைய குப்பையை எதுக்குக் கிளறுறே? எனக்கு எந்தப் பதக்கமும் வேண்டாம்.” போரில் முகமும் தொண்டையும் வெந்து திரும்பிய கணவர் கரகரத்தார்.

மனைவி விடுவதாயில்லை. ராணுவப் பதிவேட்டில் கணவர் பெயரில் வீரப்பதக்கம் விட்டுப்போயிருந்தது. சேர்க்க வேண்டுமானால், அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர் சாட்சி சொல்ல வேண்டும். அலையாய் அலைந்து, கூடப் போரிட்ட சிப்பாய் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள்.

சிப்பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிப்பாய் சட்டென்று எழுந்து கிளம்பினார். வழியனுப்ப வந்தவளிடம் வாசலில் தடுமாறினார்.

“உள்ளே இருக்கிறது யாரும்மா?”

“ஏன், என் வீட்டுக்காரர்தான்.”

“உங்க வீட்டுக்காரரை என் கையாலயே புதைச்சேம்மா. நீங்க போன்ல கூப்பிட்டப்போ, செத்தவருக்காகத்தான் பதக்கம் கேக்குறீங்கன்னு நினைச்சு வந்தேன். இவன் அவர்கூட இருந்த இன்னொருத்தன். பேரு மாறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். அந்தக் கண்ணை மறக்க முடியுமா?”

அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. கதவை மெல்லச் சாத்தினாள்.

“செத்தவருக்காகத்தான் கேட்டேண்ணே. கொஞ்சம் மெதுவா பேசுங்க. எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாது.”