விளம்பர பேட்டரி

கைக்கடிகாரத்துக்கு நல்ல பேட்டரி எண்ணூறு ரூபாய். விளம்பர பேட்டரி ஐம்பதுதான். என்ன, எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாசற்படியில் நம் குரலிலேயே விடைபெற்று, கூடவே எதையாவது விற்கும். தணிகாசலம் அதைத்தான் போட்டிருந்தார். மில்லில் எல்லோருக்கும் அது விற்கும் கடையைக் கைகாட்டியதும் அவர்தான்.

உடன் வேலை பார்த்த மாசிலாமணி இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனார். கடிகாரத்தைக் கழற்றி வைக்கத் தோன்றவேயில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று வாய் திறக்காமல்தான் எழுந்தார். வாசற்படியைத் தாண்டியதும் அவர் கை உற்சாகமாகக் கூவியது.

“போயிட்டு வர்றேங்க! அடுத்த விசேஷத்துக்கு நம்ம கடை நெய்லயே பலகாரம் பண்ணுங்க!”

வீடே திரும்பிப் பார்த்தது. தணிகாசலம் கடிகாரத்தைத் துண்டால் பொத்தினார்.

“மன்னிச்சிரும்மா. மலிவா கெடைக்குதேன்னு…”

“விடுங்கண்ணே,” என்றாள் மாசிலாமணியின் மனைவி. “நீங்க சொன்னீங்கன்னு அவரும் அதத்தான் போட்டிருந்தாரு. தூக்கிட்டுப் போறப்ப கழட்ட மறந்துட்டோம். இதே வாசல்ல, அவர் கொரல்லயே, ‘போயிட்டு வர்றேன்’னுச்சு.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பழக்கதோசம் பாருங்க, நானும் ‘சரி, சீக்கிரம் வாங்க’ன்னுட்டேன்.”